நெப்ராஸ்காவைப் பகலில் கடக்க வேண்டும்

நியூ ஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியா வரை காரிலேயே போகப்போகிறோம் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொன்னார்கள். "ஐயோவா, நெப்ராஸ்கா எல்லாம் சுத்த போர். ராத்திரியோட ராத்திரியா ஓட்டிக் கடந்துடுங்க. அந்த நேரத்தை எல்லோஸ்டோன்ல செலவழிங்க." நாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும்போது பார்க்க வேண்டிய பெரிய விஷயம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. கிழக்கே ஈரமும் பச்சையுமாக இருக்கிற நிலம் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி வறண்டு போகிறது, அந்த வறட்சியோடு மனிதர்கள் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் அது. விமானத்தில் போய் ஒரு தேசியப் பூங்காவில் இறங்கித் திரும்புகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. ஒரே சாலையில், தரையோடு தரையாக, பகல் வெளிச்சத்தில் போனால்தான் தெரியும்.

கணவருக்கு வேலை மாற்றலாகி ஜூலையில் குடிபெயர வேண்டியிருந்தது. சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காரை நாங்களே ஓட்டிப் போவதாக முடிவு செய்தோம். கோடைக்கு மதுரையிலிருந்து வந்திருந்த அப்பாவும் கூட வந்தார். அப்பா பொதுப்பணித்துறையில், பெரியாறு-வைகைப் பாசனத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் வந்தால் போதும், அவர் தலை ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். "இது எந்த ஆறு தாயி? எங்க போய்ச் சேருது?" இந்த இரண்டு கேள்விகளையும் அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். மகன் பின்சீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் தேடிப் பதில் சொன்னான். நாங்கள் எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதை முடிவு செய்ததெல்லாம் அந்தக் கேள்விகள்தான்.

நாங்கள் பிடித்துக்கொண்ட சாலை ஐ-80. நியூ ஜெர்சியின் டீனெக்கில் தொடங்கி சான் ஃபிரான்சிஸ்கோவில் முடிகிறது, ஏறக்குறைய 2,900 மைல். 1956இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்த இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும்) சாலைகளில் ஒன்று. அவர் இளம் ராணுவ அதிகாரியாக இருந்தபோது, 1919இல், வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போன ராணுவ வண்டித் தொடரில் தானும் போயிருக்கிறார். அதற்கு 62 நாள் பிடித்தது. யூட்டாவின் உப்புப் படுகையில் லாரிகள் புதைந்து, சிப்பாய்கள் இழுத்து வெளியே எடுத்திருக்கிறார்கள். நல்ல சாலை இல்லாத நாடு எப்படியிருக்கும் என்பதை உடம்பால் உணர்ந்தவர் போட்ட கையெழுத்து அது.

முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு தகவல். இரட்டைப்படை எண் கொண்ட முக்கிய இன்டர்ஸ்டேட்கள் கிழக்கு மேற்காகப் போகும், ஒற்றைப்படை எண்ணுள்ளவை வடக்கு தெற்காகப் போகும். சாலையோர மைல் எண்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் மேற்கு எல்லையிலிருந்து தொடங்கும். அதனால் மேற்கே போகிறவர்களுக்கு எண் இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யத்தில் மாநிலம் முடியும். நெப்ராஸ்காவுக்குள் நுழைந்ததும் 455 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மகன் "தாத்தா, இது முழுக்க நெப்ராஸ்காவா!" என்று கத்தினான்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு டப்பா புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர். வழியில் தயிர் எங்கேயும் கிடைத்தது. மோட்டல் அறையில் சோறு வடித்துக் கிளறி, மறுநாள் மதியம் ரெஸ்ட் ஏரியா மர மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அப்பாவுக்கும் வயிறு சரியாக இருந்தது, எங்களுக்கும் நேரம் மிச்சம்.

கிழக்குப் பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டெலவேர் ஆறு மலையைப் பிளந்துகொண்டு வரும் இடைவெளி வழியாகச் சாலை பென்சில்வேனியாவுக்குள் நுழைகிறது. அங்கே காடு, காடு, காடுதான். மிசிசிப்பிக்குக் கிழக்கே ஐ-80இன் மிக உயரமான இடம் என்று ஒரு பலகை வரும், 2,250 அடி. மேற்கே போகப்போக இந்த எண் எவ்வளவு சின்னது என்று தெரியும். ஒஹாயோவும் இண்டியானாவும் சுங்கச்சாலையில் கழிந்தன. தண்ணீரைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் கவலைப்படுவதாகவே தெரியவில்லை. ஓடைகள் பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இல்லினாய்ஸில் ஜோலியட் அருகே ஒரு பாலம். டெஸ் பிளெய்ன்ஸ் ஆறு. அப்பாவின் வழக்கமான கேள்விக்கு இங்கே நீளமான பதில் இருந்தது. சிகாகோ ஆறு ஒரு காலத்தில் மிச்சிகன் ஏரிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. ஊர்க் கழிவும் அதோடு ஏரிக்குப் போனது. குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான். 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள். இப்போது அது இந்தப் பாலத்துக்கு அடியில் போய், இல்லினாய்ஸ் ஆற்றில் கலந்து, மிசிசிப்பிக்குப் போகிறது. "ஊர் பிழைச்சுது, சரி. கீழ இருக்கிறவன் என்ன சொன்னான்?" என்றார் அப்பா. கீழே இருந்த மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அப்பாவின் உத்தியோக காலம் முழுவதும் மேல்மடை, கீழ்மடைத் தகராறுகளைத் தீர்ப்பதில் போனது. அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மிசிசிப்பியை லெ கிளேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடக்கிறோம். கடந்தவுடன் இறங்கி, கொஞ்சம் கீழே இருக்கும் 14ஆம் எண் பூட்டணைக்கு, அதாவது படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் அறை வைத்த அணைக்குப் போனோம். 1930களில் மேல் மிசிசிப்பியை ஒன்பது அடி ஆழமாவது இருக்கும்படி அணைகளால் படிப்படியாகக் கட்டினார்கள். அந்தப் படிகளில் இது ஒன்று. நாங்கள் போன நேரத்துக்கு ஒரு இழுவைப்படகு பதினைந்து தோணிகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. பூட்டறையின் நீளம் 600 அடி. தோணிகளும் படகும் சேர்ந்தால் அதைப் போல இரண்டு மடங்கு. அதனால் பாதியை அவிழ்த்து முதலில் உள்ளே விட்டு, தண்ணீரை இறக்கி, வெளியே இழுத்து, மறுபடி கதவை மூடித் தண்ணீரை ஏற்றி, மீதியைக் கொண்டுவர வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயோவாச் சோளம் இப்படித்தான் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போய்க் கப்பல் ஏறுகிறது.

ஐயோவாவில் சாலையின் இருபக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஜூலையில் சோளம் ஆளுயரம் தாண்டி நிற்கிறது. வால்காட் அருகே உலகத்திலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் டிரக் நிறுத்தம் இருக்கிறது, 1964இலிருந்து நடக்கிறது, ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். ஆனால் ஐயோவாவில் என்னை யோசிக்க வைத்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இந்த வயல்களில் பலவற்றுக்கு அடியில் வடிகால் குழாய்கள் புதைத்திருக்கிறார்கள். நிலம் இயல்பாகவே சதுப்பு, தண்ணீர் அதிகம், அதை வடித்துவிட்டால்தான் விவசாயம் நடக்கும். இங்கே பிரச்சினை தண்ணீரை வெளியேற்றுவது. அதே சாலையில் ஒரு பகல் ஓட்டினால், அதே சோளத்துக்குப் பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கிறார்கள். எந்த இடத்தில் இது மாறுகிறது என்று பார்ப்பதற்காகத்தான் நெப்ராஸ்காவைப் பகலில் கடக்க வேண்டும் என்கிறேன்.

ஒமாஹாவில் மிசூரி ஆற்றைத் தாண்டியதும் நெப்ராஸ்கா. தட்டை என்று எல்லோரும் சொல்லும் இந்த மாநிலத்தில் சாலை ஆயிரம் அடி உயரத்தில் தொடங்கி, மேற்கு எல்லைக்குப் போகும்போது ஐயாயிரம் அடியைத் தொடுகிறது. சாய்வு அவ்வளவு மெதுவாக இருப்பதால் தெரிவதில்லை. கிராண்ட் ஐலண்டிலிருந்து பிளாட் ஆறு கூடவே வருகிறது. மணல்திட்டுகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, ஆழமே இல்லாமல் அகலமாகப் பரவி ஓடும் ஆறு. படகு போகாது, ஆனால் பக்கத்தில் நடக்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் உண்டு. அதனால்தான் மேற்கே போன எல்லோரும் இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1840களிலிருந்து ஆரகன் போனவர்களின் கூண்டு வண்டிகள் தென்கரையிலும் மார்மன் மதத்தினர் வடகரையிலும் போனார்கள். 1860இல் குதிரைத் தபால், பிறகு ரயில்பாதை, 1913இல் லிங்கன் நெடுஞ்சாலை, அப்புறம் ஐ-80. சாலையும் ரயிலும் ஆறும் ஒரே பார்வையில் தெரிகிற இடங்களில், மைல் கணக்கில் நீளும் நிலக்கரி ரயில் நம்மோடு கூடவே ஓடி வரும்.

சாலையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னக் குளங்களும் வருகின்றன. யாரும் வெட்டி நீர் நிரப்பிய குளங்கள் இல்லை. ஐ-80ஐ மேடேற்ற மண்ணும் சரளையும் தோண்டிய குழிகள். ஆற்றங்கரையில் நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருப்பதால் தானாகவே நிரம்பிவிட்டன. இன்று அவற்றில் மீன் பிடிக்கிறார்கள், குழந்தைகள் நீந்துகிறார்கள். இதைக் கேட்டதும் அப்பா, நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும் என்றார்.

கோஸாட் என்ற சின்ன ஊரில் இறங்கினோம். மேற்கு நூறாவது தீர்க்கரேகை இந்த ஊர் வழியாகப் போகிறது. அதற்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. எனக்கு இந்தப் பயணத்தின் மைய இடம் இதுதான். 1878இல் ஜான் வெஸ்லி பவல் என்ற நில ஆய்வாளர், அமெரிக்க அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், ஏறக்குறைய இந்தக் கோட்டுக்கு மேற்கே ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் கீழே போய்விடுகிறது, பாசனம் இல்லாமல் அங்கே விவசாயத்தை நம்ப முடியாது என்று எழுதினார். அந்தக் காலத்தில் ஏர் பூட்டி உழுதால் மழை தானாக வரும் என்று சொல்லி நிலம் விற்றுக்கொண்டிருந்தார்கள், அறிவியல் படித்தவர்களே அதை ஆதரித்தார்கள். பவல் அதை மறுத்தார். மேற்கில் நிர்வாக எல்லைகளைக் கட்டம் கட்டமாகக் கிழிக்காமல் ஆற்றுப் படுகைகளை வைத்து வகுக்க வேண்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. 1890களின் வறட்சியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விட்டுத் திரும்பிப் போயின.

கோஸாட்டைத் தாண்டி ஒரு மண்சாலையில் திரும்பி நின்றோம். சோள வயலில் மையச்சுழற்சிப் பாசன எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விமானத்திலிருந்து பார்க்கும்போது பச்சை வட்டங்களாகத் தெரிவது இதன் வேலைதான். நடுவில் ஒரு கிணறு. அதிலிருந்து கால் மைல் நீளத்துக்கு இரும்புக் குழாய், சக்கரம் வைத்த கோபுரங்களின் மேல் படுத்திருக்கிறது. மொத்தக் குழாயும் கடிகார முள் போல வயலைச் சுற்றுகிறது. கடைசிக் கோபுரம் முதலில் கொஞ்சம் நகர்கிறது, கோணம் மாறியதும் அதற்கு உள்ளே இருப்பது மோட்டாரைப் போட்டு நேராக்கிக்கொள்கிறது, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்தில் நின்றால் நகர்வது தெரியாது. தண்ணீர் சோள இலையில் படும் சத்தமும், எப்போதாவது ஒரு மோட்டார் ஓடி நிற்கும் சத்தமும்தான் கேட்கும். அப்பா குழாயின் அடியிலேயே நடந்து பார்த்துவிட்டு வந்து, "வெளிப்பக்கம் போகப்போக நாசில் துளை பெரிசாகுது, பார்த்தியா? வெளிவட்டம் நீளம் ஜாஸ்தி, அதுக்குத் தக்கபடி தண்ணி" என்றார். இதைக் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் சைபாக் என்ற கொலராடோ விவசாயி, காப்புரிமை 1952இல் கிடைத்தது. ஒமாஹாவுக்குப் பக்கத்தில் வேலி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அதை வாங்கிச் செம்மைப்படுத்தி உலகமெங்கும் விற்றது.

பிக்-அப் வண்டியில் வந்த நிலத்துக்காரர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். யார், என்ன என்று கேட்டுவிட்டு, அப்பா இன்ஜினீயர் என்றதும் இறங்கி வந்து பம்ப்பைக் காட்டினார். அதில் மீட்டர் இருந்தது. எவ்வளவு எடுக்கலாம் என்பதை வட்டார இயற்கை வள மாவட்டம் முடிவு செய்கிறதாம். நெப்ராஸ்காவில் இப்படி 23 மாவட்டங்கள், 1972இலிருந்து செயல்படுகின்றன. தேர்தலில் ஜெயித்த உள்ளூர்க்காரர்களே நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். அவற்றின் எல்லைகளை ஆற்றுப் படுகைகளை வைத்தே வகுத்திருக்கிறார்கள். பவல் சொன்னதை ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து ஒரு மாநிலமாவது கேட்டிருக்கிறது. பூமிக்கு அடியில் இருக்கும் ஒகலாலா நீர்த்தேக்கம் எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரவியிருக்கிறது. மேற்குக் கேன்சஸிலும் டெக்ஸஸின் வடக்கிலும் அது வேகமாக இறங்கிவிட்டது. நெப்ராஸ்காவில் பெரும்பகுதி இன்னும் தாக்குப்பிடிக்கிறது. மணற்குன்றுகள் மழையை உள்ளே விடுவது ஒரு காரணம், மீட்டரும் மாவட்டமும் இன்னொரு காரணம் என்று நான் நம்புகிறேன். "கிணத்துல மீட்டர் வைக்க விவசாயி ஒத்துக்கிட்டானா!" என்று அப்பா அன்று இரவு மோட்டலில் படுக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒகலாலா ஊரிலிருந்து வடக்கே திரும்பி, வட பிளாட்டின் குறுக்கே 1941இல் கட்டி முடித்த கிங்ஸ்லி அணையைப் பார்த்தோம். மண் அணை, மூன்று மைலுக்கு நீள்கிறது. ஏரிக்கரையில் கடற்கரை போல வெள்ளை மணல். மகனை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வயோமிங்கில் நிலம் மாறிவிடுகிறது. பயிர் போய்ப் புல், புல் போய்ச் சேஜ் புதர். ஷையனுக்கும் லாரமிக்கும் நடுவே ஐ-80இன் உச்சி, 8,640 அடி. லிங்கனின் பெரிய தலைச்சிலை ஒன்று மேலே இருந்து பார்க்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால், சாலையின் இரு பாதைகளுக்கும் நடுவே, பாறைப் பிளவில் முளைத்த ஒரு பைன் மரத்தை வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கோடையிலும் காற்று காரைத் தள்ளுகிறது. மேட்டில் வரிசையாக மரப்பலகை வேலிகள், பனி சாலையில் குவியாமல் தடுக்க. சாலை நுழைவாயில்களில் ரயில்வே கேட் போன்ற தடைக்கம்பங்கள். பனிப்புயல் வந்தால் இன்டர்ஸ்டேட்டையே மூடிவிடுவார்களாம். ஒரு டிரக் நிறுத்தத்தில் பஞ்சாபி டாபா இருந்தது. தட்டு நிறைய ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். பக்கத்து மேசை சர்தார்ஜி டிரைவர் அப்பாவோடு இந்தியில் பேச, அப்பா ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

ராலின்ஸுக்கு மேற்கே இன்னொரு வினோதம். மழைநீர் அட்லாண்டிக் பக்கம் போகுமா பசிஃபிக் பக்கம் போகுமா என்பதைப் பிரிக்கும் கண்டப் பிரிகோடு இங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றிப் போய் மறுபடி சேர்கிறது. அதனால் ஐ-80 அதை இரண்டு முறை கடக்கிறது. நடுவில் இருக்கும் படுகையில் விழும் மழை அட்லாண்டிக் பக்கமும் போகாது, பசிஃபிக் பக்கமும் போகாது. அங்கேயே நின்று ஆவியாகிவிடும். ஆனால் இங்கே எங்களுக்கு மழை வரவில்லை. கவைக்கொம்பு மான்கள் மட்டும் தூரத்தில் மேய்ந்தன.

அதைத் தாண்டினால் கிரீன் ரிவர் ஊர். 1869 மே 24 அன்று பவல் இங்கேதான் படகில் ஏறினார். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்த மனிதர், ஒன்பது பேரோடு, நான்கு படகுகளில், அதுவரை யாரும் முழுதாக வரைபடமாக்காத கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கினார். படகுகளைச் சிகாகோவில் செய்து, அப்போதுதான் போட்டு முடித்த ரயில்பாதையில் கொண்டுவந்தார். மூன்று மாதம் கழித்து கிராண்ட் கேன்யனின் மறுமுனையில் வெளியே வந்தபோது ஆறு பேர்தான் மிச்சம், மற்றவர்கள் நடுவிலேயே விட்டுப் போய்விட்டார்கள். இந்த ஊர் வழியாக ஓடும் கிரீன் ஆறு போய்க் கலக்கும் கொலராடோவின் தண்ணீரை 1922இல் ஏழு மாநிலங்கள் இருப்பதைவிட அதிகமாகவே பங்கு போட்டுக்கொண்டன. இன்று பெரும்பாலான ஆண்டுகளில் அது கடலை எட்டுவதில்லை. ஊர்ப் பூங்காவில் கரையோரம் நின்று அப்பா காலை நனைத்துக்கொண்டார். ஜூலையிலும் ஐஸ் போலக் குளிர்ந்தது.

யூட்டாவில் சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் சால்ட் லேக் சிட்டி. சுற்றியுள்ள மலைகளின் மேல் கிடைமட்டமாகக் கோடுகள் தெரியும். பனியுகத்தில் இங்கே இருந்த பான்வில் ஏரியின் கரைகள் அவை. அந்த ஏரி ஆயிரம் அடி ஆழம் இருந்திருக்கிறது. மிச்சம்தான் இன்றைய பெரிய உப்பேரி. மூன்று ஆறுகள் அதில் வந்து சேர்கின்றன, வெளியே போகும் வழி இல்லை. வருகிற ஆற்றுநீரைப் பெரும்பாலும் தீவனப் பயிருக்கும் ஊருக்கும் எடுத்துவிடுவதால் 2022இல் ஏரி அதுவரை பதிவானதிலேயே குறைந்த மட்டத்துக்கு இறங்கியது. காய்ந்த படுகையிலிருந்து எழும் தூசியில் ஆர்சனிக் இருக்கிறது, அது நகரத்தின் மேல் வீசுகிறது. கரையில் இறங்கி நடந்தோம். தண்ணீர் ஓரம் போய்ச் சேரவே வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இப்படிச் சாவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

அடுத்த ஒன்றரை மணி நேரம் வளைவே இல்லாத சாலை. நெவாடா எல்லைக்கு முன் பான்வில் உப்புப் படுகை ஓய்விடத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உப்பின் மேல் நடந்தோம். வெயிலில் கண் கூசுகிறது. உப்பு அறுகோணமும் ஐங்கோணமுமாகச் சின்ன வரப்பு கட்டி நிற்கிறது. மகன் கார் சாவியால் சுரண்டினான். ஒரு விரற்கடை கனத்துக்குக் கீழே சாம்பல் நிறச் சேறு, ஈரம் இன்னும் காயாமல். 1919இல் ராணுவ லாரிகள் இந்த மாதிரி மேலோட்டை உடைத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கும்.

நெவாடாவில் ஐ-80 ஹம்போல்ட் ஆற்றோடு போகிறது. கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும் இதையேதான் பிடித்துக்கொண்டு போனார்கள். போகப்போகப் பெரிதாகாமல் சிறுத்துக்கொண்டே போகும் ஆறு, கடைசியில் லவ்லாக்குக்கு அப்பால் ஒரு உப்புப் பள்ளத்தில் காணாமல் போகிறது. கடலைத் தொடாத ஆறு வைகைக்காரரான அப்பாவுக்குப் புதிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாற்பது மைல் தண்ணீரே இல்லாமல் மாடும் வண்டியும் போயிருக்கிறார்கள் என்று கேட்டதும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடந்தோம்.

ரீனோவுக்குக் கிழக்கே, சாலைக்குப் பக்கத்திலேயே டெர்பி அணை. 1902இல் மேற்கின் பாசனத்துக்கென்று மத்திய அரசு ஒரு துறையைத் தொடங்கியது. அந்தத் துறை முதன்முதலில் கட்டிய அணை இது, 1905. டிரக்கி ஆற்றின் தண்ணீரைப் பக்கத்துப் படுகையான கார்சனுக்குத் திருப்பிவிடுகிறது. ஃபாலன் பக்கம் பாலைவனம் வயலானது. அணையை விட்டுவிட்டு, அந்த ஆறு இயற்கையாகப் போய்ச் சேர வேண்டிய பிரமிட் ஏரிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார் அப்பா. ஏரி பையூட் பழங்குடியினருடையது. அவர்களிடம் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் அவ்வளவு நீலம். நடுவில் கூம்பாக ஒரு பாறை, கரையில் சுண்ணாம்புப் பாறைகளில் பழைய நீர்மட்டத்தின் வெள்ளைப் பட்டை. தண்ணீரைத் திருப்பிய பிறகு ஏரி 80 அடி இறங்கியது. பக்கத்தில் இருந்த வினமக்கா ஏரி 1930களின் இறுதியில் முழுதாகவே வற்றிவிட்டது. பையூட்கள் நம்பி வாழ்ந்த பெரிய டிரவுட் மீன் இந்த ஏரியில் இல்லாமலே போய், பல பத்தாண்டு வழக்குகளுக்கும் உழைப்புக்கும் பிறகு மறுபடி கொண்டுவரப்பட்டது.

அப்பா அந்த வெள்ளைப் பட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் சர்வீஸ் முழுக்கத் தண்ணி வந்து சேர்ற பக்கமே நின்னு பார்த்தவன் தாயி. திருப்பிவிட்ட தண்ணியில ரெண்டு போகம் விளைஞ்சதைப் பார்த்தேன். ஆறு எந்தப் பக்கம் போக வேண்டியதோ அந்தப் பக்கம் போய் நின்னு பார்த்ததில்ல." பெரியாற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாரும் சாப்பிட்டிருக்க முடியாது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு என்று மட்டும் சொன்னார்.

சியரா மலையில் டானர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால், கலிஃபோர்னியாவுக்குக் குடியேறப் போகும் வழியில் 1846-47 பனியில் மாட்டிக்கொண்டு பலரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பீடம் மட்டும் 22 அடி, அந்த வருஷம் பனி நின்ற உயரம். அண்ணாந்து பார்த்தால்தான் அந்தக் கதை புரிகிறது. கணவாயைத் தாண்டியதும் மேற்குச் சரிவில் மறுபடியும் பெரிய பைன் காடு, ஓடைகள். பசிஃபிக்கிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் இந்த மலை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பின்னால் நெவாடா அப்படிக் காய்கிறது.

சாக்ரமென்டோவைத் தாண்டி மூன்று மைல் நீளப் பாலம். கீழே யோலோ வடிநிலம். குளிர்கால வெள்ளத்தில் நகரம் மூழ்காமல் இருக்க ஆற்றைத் திருப்பிவிடும் இடம். கோடையில் அங்கே நெல். அத்தனை பாலைவனத்துக்குப் பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிறைய இடத்தில் நெற்பயிர்! அடுத்த எக்ஸிட்டில் இறங்கியே ஆக வேண்டும் என்றார் அப்பா. நாற்று விட்டு நடுகிறார்களா, நேரடி விதைப்பா என்று கேட்டார். கலிஃபோர்னியாவில் தண்ணீர் கட்டிய வயலில் விமானத்திலிருந்து விதை தூவுகிறார்கள் என்று மகன் தேடிச் சொன்னதும், நம்பாமல் படம் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படியே மதுரையில் இருக்கும் தன் பழைய நண்பருக்கு அனுப்பினார்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்கே ஒரு ஊரில் எங்கள் புது வீடு. சாமான் லாரி இன்னும் வரவில்லை, வெறும் தரையில் படுத்தோம். காலையில் காபி போடக் குழாயைத் திறந்தபோது அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். இந்தத் தண்ணீர் எந்த ஆறு என்று கேட்டார். மகனே பார்த்துச் சொன்னான்: மொகலம்னி ஆறு, சியரா மலையில் பார்டீ அணை, 1929இல் கட்டியது, அங்கிருந்து தொண்ணூறு மைல் குழாயில் வருகிறது. சரி, அப்போ அந்த ஆறு கீழே எவ்வளவு மிச்சத்தோடு போகிறது என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு பார்டீக்குக் கிளம்பினோம்.